பெட்டிக்குள் என்ன இருக்கிறது? சங்கேதக் குறிப்பு வைத்துச் சோதிப்பதா, வேறு வழியா

மூடிய பெட்டிக்குள் இருப்பதை ஞானதிருஷ்டியில் பார்த்துச் சொல்வேன் என்று ஒருவர் வருகிறார். நீங்கள் ஒரு கத்தரிக்கோலை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். அவர் கண்ணை மூடி யோசித்து, "மூக்குக் கண்ணாடி" என்கிறார். பெட்டியைத் திறந்து காட்டுகிறீர்கள். "நான் சொன்ன பிறகு மாற்றிவிட்டீர்கள், காலையில் கண்ணாடிதான் இருந்தது" என்று அவர் சொன்னால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவர் "கத்தரிக்கோல்" என்றே சொல்லியிருந்தாலும் இதே கதைதான், உங்கள் வீட்டு ஆள் யாரோ காதில் போட்டுவிட்டார் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் சங்கேதக் குறிப்பு என்ற யோசனை வருகிறது. விடையை எல்லோரும் பார்க்கும்படி, ஆனால் யாருக்கும் புரியாதபடி முன்கூட்டியே வெளியிட்டுவிடுவது. அப்புறம் சோதனை முடிந்ததும் அதை அவிழ்த்துக் காட்டுவது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும்: சோதிக்கப்படுகிறவரிடமிருந்து விடையை மறைக்க வேண்டும், சோதிக்கிறவரின் கையையும் கட்டிப்போட வேண்டும். முதல் வேலையைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டு இரண்டாவதை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம், சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பழைய வழி, சீல் வைத்த உறை. பிரிட்டனில் அமானுஷ்ய ஆராய்ச்சிக் கழகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் மையர்ஸ், தான் இறந்த பிறகு மீடியம் (ஆவிகளோடு பேசுவதாகச் சொல்கிறவர்) வழியாகச் சொல்லப்போகும் செய்தியை எழுதி, சீல் வைத்து, இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜிடம் கொடுத்து வைத்தார். 1901இல் மையர்ஸ் இறந்தார். அவர் ஆவி சொன்னதாக ஒரு செய்தி வந்தது. 1904 டிசம்பரில் உறையைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உறை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆனால் ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும், பிரித்தால் முடிந்தது. அதோடு, காவல் காக்கிறவர் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருக்க வேண்டும்.

காகிதத்தின் மீதும் எனக்கு நம்பிக்கை குறைவு. 1979 வாக்கில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடம் ஒன்று மனசக்தி உள்ளவர்களைத் தேடியபோது, ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் ஸ்டீவ் ஷா, மைக்கேல் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்களை உள்ளே அனுப்பிவைத்தார். இருவரும் மேஜிக் தெரிந்தவர்கள். உறையை ஸ்டேபிள் அடித்து மூடிக் கொடுத்தால், பின்னைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு அதே ஓட்டையில் திரும்பச் செருகிவிடுவார்கள். இப்படிப் பல தந்திரங்கள், ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் கண்டுபிடிக்கவில்லை. ஆய்வாளர்கள் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. இயற்கையை ஆராய்கிறவர்களுக்கு எதிரே இருப்பது ஏமாற்றும் என்று எதிர்பார்க்கும் பழக்கம் இருக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது சொந்தமாக ஒரு சங்கேதம் கட்டுவது. இதற்கு உலகம் அறிந்த உதாரணமும் ராண்டியிடமே இருக்கிறது. அமானுஷ்ய சக்தியை நிரூபிக்கிறவருக்குப் பத்து லட்சம் டாலர் என்ற அவரது பரிசு அறிவிப்பு பல வருடம் நடந்தது. அதையொட்டி ஒரு பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்து, எங்கிருந்தாவது பார்த்துச் சொல்லுங்கள் என்று சவால் விட்டார். பின்னால் மாற்றினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒரு குறிப்பையும் வெளியிட்டார்: 0679 4388 66/27 5 -14. பார்த்தால் ஒன்றும் புரியாது. 2007இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மாட் பிளேஸும் ஜுட்டா டெகனரும் இதை அவிழ்த்துவிட்டார்கள். இடைவெளிகளையும் கோடுகளையும் எடுத்துவிட்டால் முதல் பத்து இலக்கம் ஒரு ஆங்கில அகராதியின் ஐஎஸ்பிஎன் எண், அதாவது புத்தகத்தின் அடையாள எண். அடுத்தது பக்கம் 275. அந்தப் பக்கத்தில் 14ஆவது சொல், காம்பாக்ட் டிஸ்க். பெட்டிக்குள் இருந்ததும் அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக வைக்கப்படுவது, மற்ற ஒன்பது இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. ஏதோ பத்து இலக்கத்தை எழுதினால் அந்தக் கணக்கு பொருந்திவர பதினொன்றில் ஒரு வாய்ப்புதான். ஆக, இது புத்தக எண்ணாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட யாரும் ஒரு நிமிடத்தில் கூட்டிப் பார்த்துச் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ராண்டியின் குறிப்பு அவர் கையை நன்றாகவே கட்டியது, ஒரு குறிப்பிட்ட பதிப்பு, பக்கம், சொல் என்று இருக்கும்போது பின்னால் "இல்லை, அது தேநீர்க் கோப்பை" என்று சொல்ல வழியே இல்லை. மறைக்கும் வேலையில்தான் கோட்டை விட்டது. பிளேஸும் டெகனரும் நியாயமானவர்கள், எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எழுதிவிட்டார்கள். அதே இடத்தில் ஒரு போலி இருந்திருந்தால்? இரண்டு வாரம் தியானத்தில் இருப்பது போல் இருந்துவிட்டு, "வட்டமாக, பளபளப்பாக, நடுவில் ஓட்டையோடு ஏதோ தெரிகிறது" என்று மெதுவாக ஆரம்பித்திருப்பார்.

இதற்கு நேர் எதிரான தவறு கலிலியோவுடையது. அந்தக் காலத்து வானியலாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்ததும், உறுதி செய்துகொள்ளும்வரை அதை ஒரு வாக்கியமாக எழுதி எழுத்துகளைக் கலைத்துப் போட்டு நண்பர்களுக்கு அனுப்புவார்கள், முதலில் கண்டது நான்தான் என்று பின்னால் நிரூபிக்க. 1610இல் சனிக்கோள் மூன்றாகத் தெரிகிறது என்பதை கலிலியோ 37 எழுத்துகளாகக் கலைத்து அனுப்பினார். கெப்ளர் அதோடு மல்லுக்கட்டி, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பதாக ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டார்! ஒரே எழுத்துக் குவியல், இரண்டு வேறு வேறு அர்த்தம். இதில் பெரிய வேடிக்கை, 1877இல் செவ்வாய்க்கு நிஜமாகவே இரண்டு துணைக்கோள்கள் இருப்பது தெரியவந்தது. தவறாக அவிழ்த்த விடை தற்செயலாகச் சரியாகிப்போனது. இப்படி ஒரு சம்பவம் ஒரு ஜோசியருக்குக் கிடைத்திருந்தால் நூறு வருடம் ஓட்டியிருப்பார். நமக்கு வேண்டிய பாடம் வேறு. கலைத்த எழுத்து கையைக் கட்டாது, ஒரே குறிப்பைப் பின்னால் வேறு மாதிரியும் வாசித்துக் காட்டலாம்.

இதே கோளாறு இன்னும் தீவிரமாக இருப்பது, உடைக்கவே முடியாது என்று கணிதம் உறுதி சொல்லும் ஒருமுறைச் சாவி முறையில். செய்தியின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புது ரகசிய எழுத்தைச் சேர்த்து மாற்றுவது அது. மறைப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அதே நீளமுள்ள எந்த விடைக்கும் பொருந்தும் ஒரு சாவியைப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்துவிட முடியும். கத்தரிக்கோல் என்றால் ஒரு சாவி, மூக்குக் கண்ணாடி என்றால் இன்னொரு சாவி. "உலகத்திலேயே பலமான சங்கேதம்" என்று கேட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தால், சோதிக்கிறவரின் கை முழுக்க அவிழ்ந்து கிடக்கும்.

மூன்றாவது வகை கொஞ்சம் வித்தியாசமானது, சக்தி உள்ளவர் சொல்ல வேண்டிய விடையே சாவியாக இருப்பது. பிரபலமான கதை, மேஜிக் கலைஞர் ஹூடினியுடையது. 1926 அக்டோபர் 31 அன்று இறந்தார். தன் மனைவி பெஸ்ஸோடு மேடையில் பயன்படுத்திய ரகசிய மொழியில், இறந்த பிறகு ஒரு செய்தி வரும் என்று பேசி வைத்திருந்தார்கள். பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், எண்ணுக்கு ஏற்ற ஆங்கில எழுத்து. 'ஆன்ஸர்' என்றால் இரண்டு, அதாவது பி. 'டெல்' என்றால் ஐந்து, அதாவது இ. 'பிரே ஆன்ஸர்' சேர்ந்தால் பன்னிரண்டு, எல். இப்படிக் கோத்தால் 'பிலீவ்', நம்பு என்ற சொல் வரும். 1929 ஜனவரியில் ஆர்தர் ஃபோர்டு என்ற மீடியம் இதை அப்படியே சொன்னார், பரபரப்பானது. பிரச்சினை என்னவென்றால் அந்தப் பத்துச் சொல் சங்கேதம் முந்தைய வருடமே, 1928இல், ஹூடினியின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. இரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம் ரகசியமே இல்லை, அதிலும் ஒருவர் உயிரோடு இருந்து, நான்கு பேரோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதைச் சரிசெய்யப் பார்த்தவர் ராபர்ட் தவ்லெஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். 1948இல் அவர் சங்கேதத்தில் மாற்றிய சில வரிகளை அச்சிலேயே வெளியிட்டார். சாவிச்சொல் தன் தலைக்குள் மட்டும், வேறு யாருக்கும் தெரியாது, எந்தக் காகிதத்திலும் இல்லை. இறந்த பிறகு மீடியம் வழியாகச் சாவியைச் சொன்னால், யார் வேண்டுமானாலும் அதைப் போட்டு வரிகள் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். இதுதான் இந்த முறையின் அழகு. நடுவர் வேண்டாம், காவல் வேண்டாம், ஆயிரம் தவறான சாவிகளைச் சோதித்தாலும் சோதனை கெட்டுப்போகாது. மையர்ஸின் உறைக்கு இந்த வசதி இல்லை. ஆனால் முதல் சங்கேதத்தை உயிரோடு இருந்த ஒருவரே சில வாரங்களில் உடைத்துவிட்டார், ஆவி உதவி இல்லாமல். தவ்லெஸ் கடினமாக்கினார். அவர் 1984இல் இறந்தார், 1990களில் ஜேம்ஸ் கிலோக்லியும் லாரி ஹார்னிஷும் கணினியை வைத்து இன்னொன்றை உடைத்தார்கள். மீடியம்கள் சொன்ன சாவி எதுவும் திறக்கவில்லை. ஆவி திறப்பதற்கு முன் இயந்திரம் திறந்துவிட்டால், அப்புறம் எந்த மீடியம் சரியாகச் சொன்னாலும் மதிப்பு கிடையாது.

மறுபிறவி ஆராய்ச்சியால் பெயர் பெற்ற இயான் ஸ்டீவன்சன் இதையே எண் பூட்டாகச் செய்தார். பூட்டை அவரே ஒரு எண்ணில் அமைத்தார், எண்ணை நினைவூட்டும் சொல் அவர் மனதில் மட்டும். ஒவ்வொன்றும் ஐம்பதில் ஒன்றாக இருக்கும் மூன்று எண் என்று வைத்துக்கொண்டால் 1,25,000 சேர்க்கைகள், ஊகித்துத் திறப்பது கடினம், உட்கார்ந்து வரிசையாக முயன்றால் முடியாதது இல்லை. பூட்டு இருக்கும் அறைக்குள் யார் போனார்கள் என்று கண்காணிக்க வேண்டும், ஆக மறுபடி காவல் பிரச்சினை. அவர் 2007இல் இறந்தார். இன்றைக்கு இந்த வகைச் சோதனை செய்ய நினைத்தால் பூட்டும் வேண்டாம், பழைய சங்கேதமும் வேண்டாம். பகடை போட்டு 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து ஆறு சொற்களை எடுத்து, அந்தத் தொடரின் ஹேஷை (திரும்ப அவிழ்க்க முடியாத ஒரு கணக்கின் விடை) வெளியிட்டால் போதும், இன்றைய சாதாரண கணினிகள் ஊகித்து முடிக்க முடியாத எண்ணிக்கை வரும். ஒரே சிக்கல், பெற்ற பிள்ளையின் போன் நம்பரையே உயிரோடு இருக்கும்போது மறந்துவிடுகிற நாம் ஆறு சொற்களை இறந்த பிறகு ஞாபகம் வைத்திருப்போமா என்பது.

ஹேஷ் என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உயிரோடு இருக்கிறவரைச் சோதிக்கும்போதும் நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான். எஸ்ஹெச்ஏ-256 போன்ற ஒரு கணக்கு எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அதை 64 எழுத்து, எண் கொண்ட சரமாக மாற்றும். ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும், சரத்திலிருந்து திரும்பி வாக்கியத்துக்கு வர வழி இல்லை, அதே சரம் வரும் இன்னொரு வாக்கியத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. மறைப்பது, கட்டுவது இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது. ஆனால் "கத்தரிக்கோல்" என்ற ஒரு சொல்லை மட்டும் போட்டு ஹேஷ் எடுத்தால் ராண்டியின் கதைதான் திரும்பும், அகராதியில் இருக்கும் ஒரு லட்சம் சொற்களையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாது. அதனால் விடையோடு அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக் குவியல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கணினிக்காரர்கள் இதை உப்பு என்பார்கள். சோதனை முடிந்ததும் விடையையும் உப்பையும் சேர்த்து வெளியிட்டால் யாரும் சரிபார்க்கலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. "கோ", "கொ" போன்ற எழுத்துகளைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும், ஒரே குறியாகவும் இரண்டு துண்டாகவும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், ஹேஷ் வேறாகிவிடும். கடைசியில் ஒரு இடைவெளி தவறிப்போனாலும் இதே கதி. சோதனை முடிந்து எல்லோரும் பார்க்கும்போது சரம் பொருந்தவில்லை என்றால் நீங்கள் என்ன சொன்னாலும் மோசடி மாதிரிதான் தெரியும். விடையை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலில் 3 என்றால் 3, தலைவலி இல்லை. அதோடு எத்தனை ஹேஷ் வெளியிடப்போகிறோம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பத்து வெவ்வேறு விடைக்குப் பத்து ஹேஷை அங்கங்கே போட்டுவிட்டு வசதியானதை மட்டும் திறந்து காட்டுவது ரொம்பச் சுலபம். வருங்காலத்தைக் கணிக்கிறேன் என்று ஹேஷ் போடுகிறவர்களிடமும் இதையே கேளுங்கள், மொத்தம் எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று.

சோதிக்கிறவரின் கையைக் கட்டுவது அவமானப்படுத்துவது இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு எஸ்.ஜி. சோல் என்ற கணித ஆசிரியரைக் காட்டுவேன். 1941 முதல் 1943 வரை பேசில் ஷாக்கில்டன் என்பவரை வைத்து அவர் நடத்திய சோதனைகள் டெலிபதிக்கு மிகப் பலமான சான்று என்று பல வருடம் பேசப்பட்டன. 1978இல் பெட்டி மார்க்விக் அந்த இலக்கு எண் பட்டியல்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே எண் வரிசை திரும்பத் திரும்ப வருவதையும், நடுவில் சில எண்கள் செருகப்பட்டிருப்பதையும் கண்டார். செருகிய எண்களில் பெரும்பாலானவை ஷாக்கில்டனின் சரியான விடையோடு பொருந்தின. ஏமாற்றியது சோதிக்கப்பட்டவர் இல்லை! இலக்குப் பட்டியல் அமர்வுக்கு முன்பே மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால் இந்த வேலையே நடந்திருக்காது.

சரி, ஹேஷ் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. அது அடைப்பது ஒரு ஓட்டையைத்தான். 1970களில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ரஸ்ஸல் டார்க், ஹெரால்ட் புதாஃப் இருவரும் தொலைவிலிருந்து இடங்களைப் பார்த்துச் சொல்லும் சோதனைகளை நடத்தினார்கள். சொன்னதை எழுதி வைத்து, எந்த இடத்துக்கு எது பொருந்துகிறது என்று நடுவர் வரிசைப்படுத்த வேண்டும். டேவிட் மார்க்ஸும் ரிச்சர்ட் காமனும் அந்தப் பதிவுகளை வாங்கிப் பார்த்தால், முந்தைய நாள் இலக்கைப் பற்றிய பேச்சு போன்ற குறிப்புகள் அப்படியே இருந்தன, அவற்றை வைத்தே எது எந்த வரிசை என்று ஊகித்துவிடலாம். எவ்வளவு உப்புப் போட்டாலும் இப்படிக் கசியும் துப்பை ஹேஷ் தடுக்காது. கிளெவர் ஹான்ஸ் என்ற கணக்குப் போடும் குதிரையை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907இல் எழுதியதும் இதே கதைதான், கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. விடை தெரிந்த ஆள் அறைக்குள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, எதை விடையாக வைப்பது என்பது. உலகத்தில் உள்ள எந்தப் பொருளும் பெட்டிக்குள் இருக்கலாம் என்றால், தற்செயலாகச் சரியாகச் சொல்ல எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடவே முடியாது, "வட்டமாக ஏதோ" என்பது பாதி வெற்றியா என்று சண்டைதான் வரும். டியூக் பல்கலைக்கழகத்தில் மனசக்தியை ஆராய்ந்த ரைன் பயன்படுத்திய, வட்டம், நட்சத்திரம் போன்ற உருவங்கள் அச்சிட்ட ஜீனர் சீட்டுகளைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு (அந்த நாளில் வந்த சில சீட்டுகளின் பின்பக்கம் வழியாகவே உருவம் தெரிந்தது, கிண்டல் நியாயம்தான்), ஆனால் ஐந்து உருவம், 25 சீட்டு என்பது நல்ல அமைப்பு. ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக ஐந்தில் ஒன்று என்று இலக்கை எடுத்தால் சும்மா ஊகித்தாலே சராசரியாக 5 சரியாக வரும், ஒன்பதோ அதற்கு மேலோ வர ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்பு. இருபது பேரைச் சோதித்தால் அவர்களில் சராசரியாக ஒருவர் வெறும் அதிர்ஷ்டத்திலேயே ஒன்பதைத் தொட்டுவிடுவார் என்று இதிலிருந்து தெரிந்துவிடுகிறது. எத்தனை வந்தால் வெற்றி என்று முதலிலேயே இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக, ஒருவரை நேரில், ஒரு மதியம் உட்கார்ந்து சோதிப்பதாக இருந்தால் நான் சங்கேதக் குறிப்பே வைக்க மாட்டேன். சோதனை அறைக்குள் வராத ஒருவர் வேறு அறையில் பகடை போட்டு இலக்கைத் தேர்ந்தெடுத்து, சாட்சி முன்னால் எழுதி வைத்தால் போதும், தேவையில்லாத தொழில்நுட்பம் குழப்பத்தைத்தான் கூட்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் மாதக்கணக்கில் முயன்று பார்க்கலாம் என்று திறந்துவிடுகிறீர்கள் என்றால்தான் உப்புச் சேர்த்த ஹேஷ் கட்டாயம். அப்போதும் ஆயிரம் விடைப் பட்டியலுக்கு ஐயாயிரம் பேர் பதில் அனுப்பினால் சராசரியாக ஐந்து பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள், அவர்களை இரண்டாம் சுற்றில் புது இலக்கோடு சோதிக்க வேண்டும். சொந்தமாகக் கட்டிய சங்கேதம், அகராதிப் பக்கம், எழுத்துக் கலைப்பு எதற்கும் என் ஓட்டு இல்லை, எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும். கட்டியவருக்குத்தான் அது கடினமாகத் தெரியும்.

எண்களும் சங்கேதமும் என் சக்தியைத் தடுக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். அதற்கு நீரோட்டம் பார்க்கிறவர்களைச் சோதித்தபோது கையாண்ட வழி ஒன்று உண்டு. முதலில் விடையை அவருக்கே காட்டிவிட்டு, அதே ஏற்பாட்டில், ஹேஷ் உட்பட, ஒரு சுற்று நடத்துங்கள். இன்று சக்தி நன்றாக வேலை செய்கிறதா, ஏதாவது தடுக்கிறதா என்று அவரே சொல்லட்டும், எழுதிக் கையெழுத்தும் போடட்டும். தடுக்கிறது என்றால் வேறு நாள் குறித்துக்கொள்ளலாம், அன்றைக்கு இலக்கும் புதிது, உப்பும் புதிது.